வலசை எயர் பறந்த பதினொரு மாதம்

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
2 மார்ச் 2025

வசீகரன் அண்ணைக்கு,

வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். போன் அடித்தாலும் போகாது. கடிதத்தைத் தடுக்க இன்னும் ஒருவரும் வழி கண்டுபிடிக்கவில்லை, அதனால் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். விலாசம் மாக்கிரட் தந்தது. எங்கள் கவுண்டரில் ரிக்கற் கொடுத்த பாவத்துக்கு அவளைப் பிடித்துப் பேச வேண்டாம், நான்தான் நச்சரித்து வாங்கினேன்.

விசயம் இதுதான். இவர் நினைவு மலர் போடப் போகிறார், வலசை எயருக்கு! நாற்பத்தெட்டுப் பக்கம், கலர் அட்டை. “கோயிலுக்கு மலர் போடினம், பழைய மாணவர் சங்கத்துக்கு மலர் போடினம். நாங்கள் ஒரு பிளேன் கொம்பனியே நடத்தினாக்கள், எங்களுக்கு ஒண்டு இல்லையோ?” என்கிறார். பதினொரு மாதம் பறந்த கொம்பனிக்கு மலரென்றால் சனம் சிரிக்காதா என்று கேட்டேன். கேட்ட குற்றத்துக்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆறு பக்கம் எழுதிவிட்டேன். 2023 ஜூனில் ஒரே ஒரு பிளேனோடு தொடங்கியது, பத்தொன்பது இருக்கை, மொன்றியல் தென்கரையிலிருந்து ஒஷாவாவுக்கு ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம். அங்கே பக்கத்தில் மார்க்கம் நகரில் கலியாணம், ஸ்காபரோவில் சாமத்தியவீடு என்று கார் ஓடி முதுகு முறிந்த சனம் முதல் மாதம் எப்படி விழுந்தடித்து வந்தது! தொடக்க நாளில் ஐயர் தேங்காயும் கையுமாக வந்து நிற்க, “இது தேர் இல்லை ஐயா, பிளேன்” என்று இவர் திருப்பி அனுப்பியதையும் எழுதினேன். நிறை பார்க்கும் தராசில் ஏற மாட்டோம் என்று அன்ரிமார் அடம்பிடிக்க, மாக்கிரட் தராசைச் சுற்றிச் சீலையால் மறைப்புக் கட்டினாளே, அதையும் விடவில்லை.

இப்போது ஏழாம் பக்கத்தில் வந்து நிற்கிறேன். 2024 மே 19. “பொறியியலாளரின் கவனக்குறைவால்” என்று இவர் ஒரு வரி குறித்துத் தந்திருக்கிறார். உங்கள் பெயரைப் போடவா, விடவா? கோபமில்லாமல் கேட்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு காலையால் எங்கள் வீடே தலைகீழாகப் போனது. என்றாலும் நீங்கள் என் அண்ணை. கேட்காமல் போட மனம் வரவில்லை.

தாட்சாயினி

*

செட்ஈல்
14 மார்ச் 2025

தாட்சா,

பெயரைப் போடு. முழுப் பெயர் போடு. அப்பாவின் பெயரையும் சேர். சனம் வேறு ஒரு வசீகரன் என்று நினைத்துக் குழம்பக் கூடாது.

இங்கே இன்றைக்கு மைனஸ் பத்தொன்பது. காற்று நிற்கவில்லை. மொன்றியலிலிருந்து பத்து மணித்தியாலம் ஓடிவந்தால் இந்த ஊர். பதினாறு வருடமாக லைசன்ஸ் வைத்திருப்பவன், இங்கே மற்றவன் பூட்டும் ஆணிக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறேன். பிளேன் பறக்கலாம் என்று கையெழுத்து வைக்க என்னை விடுவதில்லை. ஏனென்று கேட்காதே.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்தக் கொம்பனியில் தலைமைப் பொறியியலாளர் வேலை காலியாக இருக்கிறது. எனக்குத் தர அவர்களுக்கு விருப்பம். ஆனால் கோப்பில் நான் எழுதிக் கொடுத்த அறிக்கை கிடக்கிறது. “பறப்புக்கு முன் பிளேன் தரிப்பிடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.” பழைய கொம்பனியிடமிருந்து அதற்கு ஒரு விளக்கக் கடிதம் வேண்டுமாம். மே 30 கடைசி நாள். இல்லையென்றால் ஸ்பானர்தான்.

அந்தக் கடிதத்தை உன் மனுசனிடம் கேட்க மாட்டேன். உன்னிடமும் கேட்க மாட்டேன். ஏனென்று உனக்கு நன்றாகத் தெரியும். கலியாணப் பகுதி முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, “பாத்து வேலை செய்யத் தெரியாட்டி ஏன் வந்தனீங்கள்?” என்று கத்தினாய். அதையும் ஏழாம் பக்கத்தில் போடு.

வசீ

*

மொன்றியல்
23 மார்ச் 2025

அண்ணை,

எனக்கு என்ன தெரியும்? “உனக்கு நன்றாகத் தெரியும்” என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தால் நான் எப்படி இருப்பது? இரண்டு நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து அடிப்பிடித்துவிட்டது. இதை உடுப்புத் தோய்க்கும் கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார முடியவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை றஜிந்தன், அவன் வீட்டார், எல்லாமாகப் பத்தொன்பது பேர். பத்து ஐம்பத்திரண்டுக்கு மார்க்கத்தில் முகூர்த்தம். காலை ஆறரைக்குப் பிளேன் எழும்பியது. நான் கண்ணாடிக்குள்ளால் கை காட்டினேன். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து இறங்குகிறது! வலப்பக்க எஞ்சின் உதறியதாம். தட்டத்தைக் கையில் ஏந்தியபடி பெண்கள் அழுதுகொண்டு இறங்கினார்கள். கூறைச்சீலை இருந்த பெட்டியை மாப்பிள்ளையின் தாய் நெஞ்சோடு பிடித்திருந்தா. தலைப்பாகையோடு றஜிந்தனை வான் வண்டியில் ஏற்றி விட்டோம். பகல் ஒன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தான். அதுவரை பெண் மணவறையில் தனியே இருந்தாளாம்.

அதற்குப் பிறகு எங்கள் பிளேனில் யார் ஏறுவான்? ஒரே கிழமையில் கோடைகாலப் பதிவு முழுக்கக் கழன்றது. ஜூனில் கதவைப் பூட்டினோம். வெளியிலிருந்து ஏதோ எஞ்சினுக்குள் போய்க் கிழித்தது என்று பரிசோதகர் சொன்னார். தரிப்பிடத்தைப் பார்ப்பது உங்கள் வேலை. பார்க்கவில்லை என்று நீங்களே கையெழுத்து வைத்தீர்கள். நான் கதை கட்டிச் சொன்னேனா? கத்தினேன்தான். ஒரு வருடமாக அதை நினைத்து நெஞ்சு குத்துகிறது. ஆனால் பிழை விட்டது நீங்கள்.

இல்லையென்றால் இல்லையென்று எழுதுங்கள். சுற்றி வளைக்காதீர்கள்.

தாட்சா

*

செட்ஈல்
2 ஏப்ரல் 2025

தாட்சா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

விடிய ஐந்தரைக்குத் தரிப்பிடம் நடந்தேன். ஒவ்வொரு நாளும் நடப்பதுபோல மூக்கிலிருந்து வால்வரை, இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பது அடி, தலையைக் குனிந்துகொண்டு. ஒரு சிறு கல், ஒரு ஊசி கிடந்தாலும் பொறுக்குவேன். அன்றைக்கு ஒரு பியர் மூடி கிடந்தது, எடுத்தேன். வேறு ஒன்றுமில்லை. ஐந்து ஐம்பதுக்குப் பிளேன் திருத்தும் ஹாங்கருக்குள் போய்க் கடதாசி வேலை பார்த்தேன்.

போகும்போது உன்னைக் கண்டேன். காரிலிருந்து பை இறக்கினாய். பைக்குள் மூன்று தேங்காய்.

பிளேன் திரும்பி வந்ததும் வலப்பக்க எஞ்சின் மூடியைக் கழற்றியது நான்தான். காற்று உள்ளே போகும் வாயில், ஓரத்தில், நகம் அளவில் ஒரு துண்டு செருகிக் கிடந்தது. வெளியே மண்ணிறம், உள்ளே வெள்ளை. மணந்து பார்த்தேன். பரிசோதகருக்கு அது என்னவென்று விளங்கியிருக்காது. எனக்கு விளங்காதா? தேங்காய்ச் சிரட்டை.

ஐயரைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து நீ சொன்னதை நூறு தரம் கேட்டிருக்கிறேன். “ஒரு தேங்காய் உடைச்சிருந்தால் மனம் நிம்மதியா இருந்திருக்கும் அண்ணை.” கலியாணப் பகுதி போகிறதென்று, மனுசனுக்குத் தெரியாமல் உடைத்திருக்கிறாய். நினைத்தவுடனே துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டேன். இது வெளியில் வந்தால் உன் மனுசன் உன்னைத் தின்றுவிடுவார். சனம் மிச்சத்தைத் தின்னும். சின்னப் பிள்ளையோடு இருக்கிறாய். நான் தனியாள். தரிப்பிடம் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். வெளியே வந்தால் நீ எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்துக் கத்துகிறாய். என்ன நடிப்பு என்று நினைத்தேன். வேலை போனது பெரிதில்லை. அந்த நடிப்புத்தான் இன்னும் செமிக்கவில்லை.

துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, நட்டுப் போடும் பெட்டிக்குள்.

வசீ

*

மொன்றியல்
11 ஏப்ரல் 2025

அண்ணை,

நான் உடைக்கவில்லை. என் பிள்ளையின் தலையில் அடித்துச் சொல்கிறேன், நான் உடைக்கவில்லை.

ஐயோ, ஒரு வருடமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா இருந்தீர்கள்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? உங்கள் கடிதத்தை மெட்ரோவுக்குள் வாசித்தேன். பார்க் ஸ்டேசன் வந்தது, போனது, எனக்குத் தெரியவில்லை. எங்கேயோ இறங்கி மேலே வந்து, எந்தத் தெருவென்றே தெரியாமல் நடந்தேன். மூலைக்கடை டெப்பனர்காரன் ஒருவன் “சா வா, மதாம்?” என்று சுகம் கேட்டான். அவ்வளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

மூன்று தேங்காய் வாங்கினது உண்மை. மாப்பிள்ளை பகுதி புறப்படும்போது கும்பம் வைக்கலாம் என்று ஜாரி வீதிக் கடையில் வாங்கினேன். றஜிந்தனின் தாய் எல்லாம் தானே கொண்டு வந்துவிட்டா. என்னுடையது தேவைப்படவில்லை. பையை அலுவலக மேசைக்குக் கீழே வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போனேன். ஆறரை வரைக்கும் மாக்கிரட்டோடு சேர்ந்து பெட்டி நிறுத்துக்கொண்டு நின்றேன். அவளைக் கேளுங்கள்.

பை பின்னேரம் இவருடைய காரில் வீட்டுக்கு வந்தது. உள்ளே இரண்டு தேங்காய்தான் இருந்தது. ஒன்றை மாப்பிள்ளை வீட்டார் எடுத்திருப்பார்கள் என்று நினைத்து, அதைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஒன்றில் சம்பலும் அரைத்தேன்.

தரிப்பிடத்துக்குப் போகும் அட்டை யார் யாரிடம் இருந்தது? உங்களிடம், என்னிடம், இரண்டு பைலட்மாரிடம். அந்தப் பிரெஞ்சுப் பொடியன்கள் தேங்காய் உடைப்பார்களா? மிச்சம் இருப்பது ஒருவர்.

இவரிடம் இன்னும் கேட்கவில்லை. பக்கத்து அறையில் மலருக்குப் படம் தெரிவு செய்துகொண்டிருக்கிறார். கேட்க வாய் வருகுதில்லை.

தாட்சா

*

செட்ஈல்
19 ஏப்ரல் 2025

தாட்சா,

உன் கடிதத்தை ஹாங்கரில் நின்றபடி நாலு தரம் வாசித்தேன். போர்மன் வந்து என்ன, யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டான்.

மாக்கிரட்டுக்குப் போன் அடித்தேன். ஆறரை வரைக்கும் நீ கவுண்டரை விட்டு அசையவில்லை என்று சொன்னாள்.

மச்சானாக இருக்காது. அந்த மனுசன் ஐயரையே கலைத்தவர். “பிளேன் பறக்கிறது எஞ்சினாலை, எலுமிச்சங்காயாலை இல்லை” என்று மேடையில் பேசியவர். அவர் உடைத்தார் என்றால் சூரியன் மேற்கே வரும்.

ஆனாலும் கேள். கேட்டு உள்ளதை எழுது. எனக்கு இனி வேலை கிடைப்பதை விட இது முக்கியம். மே 30 வருகிறதுதான், அதற்காகச் சொல்லவில்லை. நித்திரை இல்லை. நடந்து நடந்து இந்த ஊரில் எனக்குத் தெரியாத தெரு இல்லை.

வசீ

*

மொன்றியல்
4 மே 2025

அண்ணை,

கேட்டேன்.

இரண்டு தேங்காய் வாங்கி வந்தேன். இவர் சாப்பாட்டு மேசையில் மலரின் பக்கங்களைப் பரப்பி வைத்து எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கங்களுக்கு மேலே இரண்டையும் வைத்தேன். “மூண்டாவது எங்கையப்பா?” என்று கேட்டேன்.

மனுசன் எழும்பினார். பிரிட்ஜைத் திறந்தார், மூடினார். வெளியே போகச் சப்பாத்துப் போட்டார், பேந்து கழற்றினார். கடைசியில் கதவடியில் நின்றபடியே சொன்னார்.

“பதினொரு மாசம், தாட்சா. பனி கொட்டினால் தேங்காய் உடைக்கேல்லை எண்டினம். ரயர் காத்துப் போனால் தேங்காய் உடைக்கேல்லை எண்டினம். ஒரு மனுசி பிளேனுக்குள்ளை வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தாலும் தேங்காய்தான். அண்டைக்குக் கலியாணப் பகுதி. மேசைக்குக் கீழை பை கிடக்குது. ஒருக்கா உடைச்சால் என்ன குறைஞ்சா போயிடும் எண்டு நினைச்சன். ஆருக்கும் தெரியாமல், ஆறு மணி போலை. பேப்பர் கொண்டு போய் வடிவாப் பொறுக்கினனான். எல்லாம் பொறுக்கிப்போட்டன் எண்டுதான் நினைச்சன்.”

அண்ணை, நாங்கள் தேங்காய் உடைக்காமல் பதினொரு மாதம் பறந்தோம். உடைத்த நாளிலே விழுந்தோம்!

“அண்ணை கையெழுத்து வைக்கேக்கை நீங்கள் என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டேன். “அவர் தானா எழுதித் தந்தவர். நான் ஏன் எண்டு கேக்கேல்லை” என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

30ஆம் தேதியைச் சொன்னேன். கடிதம் எழுதித் தரச் சொன்னேன். “எழுதினால் நான் இந்தத் தெருவிலை எப்பிடி நடக்கிறது? ஐயரின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?” என்கிறார். “அண்ணை இந்தத் தெருவை விட்டே போயிட்டார், அது உங்களுக்குப் பெரிசாத் தெரியேல்லையோ?” என்று கத்தினேன். பிள்ளை எழும்பிவிட்டாள். அன்றிலிருந்து இவரும் நானும் பேச்சில்லை. மலர் வேலை மட்டும் நடக்கிறது, ஒருவருக்கொருவர் துண்டு எழுதி வைத்து.

நேற்று ஏழாம் பக்கத்தை மாற்றி, இவருக்குக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். வெளியீடு மே 18. மேடையில் கடைசிப் பகுதியை வாசிப்பது இவர். வீடு இரண்டாகுமோ என்னவோ தெரியாது. ஆனால் திருப்பி எடுக்க மாட்டேன்.

தாட்சா

*

மொன்றியல்
19 மே 2025

அண்ணை,

நேற்று வெளியீடு நடந்தது. முதலில் இதோடு வைத்திருக்கும் மற்றக் கடிதத்தைப் பாருங்கள். பிறகு மிச்சத்தை வாசியுங்கள்.

பார்த்தீர்களா? இன்றைக்குக் காலையில் உங்கள் கொம்பனிக்கு இவர் தன் கையால் எழுதியது. நான் ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நூற்றைம்பது பேருக்கு மேல் வந்தார்கள். ரோல்ஸ் முடிந்துபோய் மாக்கிரட் இரண்டு தரம் கடைக்கு ஓடினாள். றஜிந்தனும் மனுசியோடு வந்து முன்வரிசையில் இருந்தான், அவளுக்கு இது ஏழாம் மாதம். ஐயரும் வந்திருந்தார். எனக்கு இருக்க முடியவில்லை. ஒருக்கா சமையலறைக்கு, ஒருக்கா வாசலுக்கு, ஒருக்கா படிக்கு என்று அலைந்துகொண்டிருந்தேன்.

இவர் நன்றாகத்தான் வாசித்தார். முதல் பறப்புக்குக் கைதட்டினார்கள். தராசுச் சீலைக்கு அன்ரிமாரே விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏழாம் பக்கம் வந்தது. “2024 மே 19 காலை” என்று வாசித்தார். நிறுத்தினார். அடுத்த வரியைக் கண்ணால் வாசிப்பது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலை நிமிர்த்தி என்னைத் தேடினார், கண்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை, “செ ஃபினி?” என்று சத்தமாகக் கேட்டது.

இவர் அந்தப் பிள்ளையைப் பார்த்து, “இல்லையம்மா, முடியேல்லை. இன்னும் ஒரு வரி கிடக்கு” என்றார். வாசித்தார்.

“தரிப்பிடத்தில் தேங்காய் உடைத்தவர் நிறுவனத் தலைவர் இரவிச்சந்திரன். பொறியியலாளர் வசீகரன் மீது எந்தப் பிழையும் இல்லை.”

இரண்டாவது தரமும் வாசித்தார். அது நான் எழுதாதது.

சனம் என்ன சொன்னது, யார் எழும்பிப் போனார்கள், ஐயர் என்ன செய்தார் என்று எல்லாம் எழுதப் பத்துப் பக்கம் வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஐயர் வந்து இவருடைய கையைப் பிடித்து, “உடைக்கிறதெண்டால் என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, நான் சாக்கு விரிச்செல்லோ உடைக்கிறனான்” என்றார்.

அண்ணை, அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் உங்களை ஏசினேன். ஒரு வருடம் உங்களை நம்பாமல் இருந்தேன். என்னை மன்னியுங்கள். இதை எழுதாமல் நூறு வரி எழுதிவிட்டேன், இதுதான் எழுத வேண்டிய வரி.

தாட்சா

*

செட்ஈல்
29 மே 2025

தாட்சா,

மச்சானின் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இன்றைக்குக் கூப்பிட்டுக் கை தந்தார்கள். ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து கையெழுத்து வைப்பது நான்தான்.

மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாய். நீ ஒரு வருடம் என்னைக் கவனமில்லாதவன் என்று நம்பினாய். நான் அதே ஒரு வருடம் உன்னைக் கோழை என்று நம்பினேன். என்னுடையதுதான் பெரிய பிழை. நீ அப்படி நம்ப நான் கையெழுத்தே வைத்துக் கொடுத்தேன், நான் இப்படி நம்ப நீ ஒரு ஆதாரமும் தரவில்லை.

சிரட்டைத் துண்டை எறியலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். தரிப்பிடத்தில் எறியக் கூடாது. வீதியில் எறிந்தால் காற்று கொண்டு வந்துவிடும். பழக்கதோசம், எங்கே எறியவும் கை வரவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். மச்சானிடம் கொடு. அன்றைக்கு அவர் பொறுக்காமல் விட்டது இது ஒன்றுதான்.

இந்தக் கடிதம் வர நாலைந்து நாள் ஆகும். அதுவரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. தபால்பெட்டியில் இதைப் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே நின்று உனக்குப் போன் அடிக்கப் போகிறேன். தடுப்பை எடுத்துவிட்டேன்.

நீ இதை வாசிக்கும்போது நாங்கள் கதைத்து முடித்திருப்போம்.

அண்ணை